அதோடது அதுக்கு

கம்ப்யூட்டர் வேலை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு என்ன தோன்றுமோ தெரியாது. என்னைக் கேட்டால் அது காத்துக்கொண்டு உட்காருகிற வேலை. படுத்துவிட்ட மிஷினைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். நீலத் திரையில் ஒரு பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும். இன்னும் இத்தனை நிமிடம் என்று அது சொல்லும். சொன்னபடி ஒருநாளும் முடித்ததில்லை. என் ஆயுசில் பாதி அந்தப் பட்டையைப் பார்த்தே போயிற்று. நடுவில் ஓரிடத்தில் அது நின்று, காலியாக ஒரு கட்டத்தைக் காட்டி, லைசென்ஸ் சாவியைக் கொடு என்று கேட்கும்; சாவி என்றால் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரிசை. இப்போதும் அந்த இடம் வந்தால் என் கை கொஞ்சம் தயங்குகிறது. பின்னால் ஸ்டூலில் அக்கா உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றும்.

அக்கா என்று கூப்பிட்டது நான் மட்டும்தான். மற்றவர்களுக்கு அவர் மேடம். செகந்திராபாத்தில் ஒரு பல் டாக்டருக்கும் ஒரு டிராவல்ஸ் கடைக்கும் மேலே, இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன வியாதி, என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிந்து அனுப்புவார்கள். எங்கள் ஆட்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, டைப் செய்து திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் தெருவுக்கு இரண்டு இப்படி முளைத்திருந்தன. எங்களிடம் முப்பது சொச்சம் மிஷின். அவற்றுக்கு நான் வைத்தியன். அக்கா அட்மின். அதாவது நாற்காலி, பீரோ, தண்ணீர் கேன், ஃபேன், கம்ப்யூட்டர், எல்லாம் அவர் பொறுப்பு. முதலாளி ஒரு டாக்டர்; கிளினிக்கை மூடிவிட்டு இதில் இறங்கியவர். நல்ல மனிதர். எப்போதும் கவலையிலேயே இருப்பார்.

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த முதல் நாள், என்னுடைய இங்கிலீஷைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டார் அக்கா. பிறகு, “தமிழ்தானே நீ? தமிழ்லயே சொல்லு தம்பி. நக்கோ உன் இங்கிலீஷ்” என்றார். நக்கோ என்றால் ஹைதராபாத் ஹிந்தியில் வேண்டாம். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம் அவருடையது. தாத்தா காலத்தில் பட்டாளத்தோடு வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். அல்வாலில் வீடு. கல்யாணம் ஆகவில்லை, வயதான தகப்பனாரோடு இருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. கஞ்சி போட்ட புடவை, காலில் எப்போதும் கேன்வாஸ் ஷூ. ஏன் அந்த ஷூ என்று யாரும் கேட்டதில்லை.

அவரைப் பற்றி ஒன்றே ஒன்று சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்: ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க அவர் விடமாட்டார். அவருடைய வாயில் அது, “அதோடது அதுக்கு.” ஆபீசில் அவரைப் போலப் பேசிக் காட்டுகிற பையன்கள் எல்லாரும் முதலில் பழகியது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான்.

டம்ளர்களில் நெயில் பாலிஷால் அடையாளம் போட்டு வைத்திருப்பார். ஹெட்போன்களில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். ஒரு பெண் பிரசவத்துக்குப் போனாள். அவள் இடத்துக்குப் புதிதாக வந்தவளை அக்கா அந்த நாற்காலியில் உட்காரவே விடவில்லை. ஸ்டோர் ரூமிலிருந்து கை ஒடிந்த ஒரு பழைய நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்து போட்டார். “அவ வந்தா அவ நாற்காலி வேணும்ல?” பிரசவத்துக்குப் போனவள் கடைசிவரை வரவில்லை, கரீம்நகரில் குடித்தனமே வைத்துவிட்டாள் என்று கேள்வி. நாற்காலி மட்டும் சுவரோரமாக, உறை போட்டபடி நின்றது. புதியவள் இடுப்பு வலியென்று அழாத குறை. இன்னொரு சமயம் நல்ல மழை. யாரோ மறந்துவிட்டுப் போன குடை மூலையில் கிடந்தது. “எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, நாளைக்குக் கொண்டாந்து வச்சிரலாம்லா” என்றேன். “கைக்கு? அவங்க இப்ப திரும்பி வந்து தேடினா?” என்றார். கைக்கு என்றால் அந்த ஊர் ஹிந்தியில் ஏன். தொப்பலாக நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு நடந்தார். மறுநாள் ஜலதோஷத்தோடு வந்து, குடைக்காரரைக் கண்டுபிடிக்கும்வரை எங்களையெல்லாம் விசாரித்தார். எரிச்சலாக வரும். இந்த மனுஷியோடு எப்படி வேலை செய்வது என்று ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் புலம்பியிருக்கிறேன்.

ஒருநாள் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. டைப் செய்கிற பெண் ஒருத்திக்குத் தகப்பனார் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து அவள் ஆபீசுக்கு வந்த அன்று, தேற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு பேர், “இனிமே டாக்டர் சாரையே அப்பாவா நெனச்சுக்கோ” என்றார்கள். டாக்டரும் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு நின்றார். அக்கா எங்கிருந்தோ வந்தார். “கைக்கு? அப்பா அப்பாதான். சார் சார்தான்” என்றார் ஹிந்தியில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பெண் ஓவென்று அழுதாள். என்ன ஜென்மம் இது என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தன் அப்பாவைப் பற்றி அவரிடம்தான் பேசினாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் அக்கா என் பிராணனை வாங்கினார்.

எங்களுக்கு வேலை கொடுத்த அமெரிக்கக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனியாக லைசென்ஸ் இருக்க வேண்டும். இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்து அக்காவுடையது. டாக்டர் நாணயமாக எல்லாவற்றையும் வாங்கித்தான் இருந்தார். ஆனால் பணம் கிடைத்தபோது கிடைத்த மாதிரி வாங்கியதில் மூன்று ரகமாகிப் போயிற்று. பெரிய கம்பெனி மிஷின்கள் சில. அவற்றோடு வந்த குறுந்தகடு அவற்றை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். கடையில் தனியாக டப்பாவில் வாங்கியவை சில. டீலர் மிஷினைப் பூட்டும்போதே சேர்த்துக் கொடுத்தவை மிச்சம். மிஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே எக்ஸ்பிதான். பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு ரகத்தின் சாவியை இன்னொரு ரகத்தின் தகட்டுக்குக் கொடுத்தால், ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அடித்தாலும், செல்லாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடும். இதை நான் அக்காவுக்கு விளக்கியபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் தன்னைப் போல இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட சந்தோஷம்.

“ஹவ், ஆமா. அதுக்கும் தெரியுது பாத்தியா” என்றார்.

வீட்டில் மிச்சமிருந்த ரவிக்கைத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்து எடுத்துவந்தார். ஒவ்வொரு மிஷினுடைய தகடும் அதனதன் பைக்குள் போய், அந்தந்த மேஜைக் காலில் தொங்கியது. சாவியோ, சி.பி.யூ. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும். டப்பாவோடு வந்த ஸ்டிக்கர்களையும் அக்கா அப்படியே பெட்டியில் ஒட்டவைத்திருந்தார். நான் எந்த மிஷினில் உட்கார்ந்தாலும், அக்கா ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்துவிடுவார். கட்டம் வந்ததும் டார்ச்சோடு மேஜைக்கு அடியில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக அவர் படிக்க நான் அடிப்பேன். ஒருமுறை அவசரத்துக்குப் பக்கத்து மிஷின் பையிலிருந்த தகட்டைப் போட்டு, அதன் சாவியையே கொடுத்து முடித்துவிட்டேன். இரண்டும் ஒரே ரகம், ஒன்றும் குறையில்லை, ஜம்மென்று ஓடியது. சாப்பிடப் போயிருந்த அக்கா வந்து பையைத் தொட்டுப் பார்த்தார். பை காலி.

“இது அதோடது இல்லையே?”

“ஒண்ணுதாங்க்கா ரெண்டும். ஓடுதுல்லா.”

“ஓடுது. ஆனா அதோடது இல்ல. எடுத்துடு.”

சனிக்கிழமை மத்தியானம் அது. பஸ் பிடித்து ஊரைச் சுற்றப் போகலாம் என்றிருந்தேன். துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். பட்டை ஊர்ந்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தார். எனக்கும் கொடுத்தார், நான் வாங்கவில்லை.

மறுபடி ஏற்றினால் சில சமயம் டோல்-ஃப்ரீ நம்பருக்குப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அந்த வேலையை அக்காவே எடுத்துக்கொண்டார். எதிர்முனையில் இருக்கிற பெண் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, இந்தக் காப்பியை எத்தனை கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறீர்கள் என்பது. ஒன்று என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. அக்கா அவளிடம், ஒன்றுதான், ஜன்னலை ஒட்டின மூன்றாவது மேஜை, போன மாதம் மதர்போர்டு போயிற்று, டீலர் வேறு போட்டுக் கொடுத்தார், இன்ன பெண் அதில் உட்காருகிறாள் என்று முழுக் கதையும் சொல்வார். எதிர்முனைப் பெண் பெரும்பாலும் நடுவிலேயே அனுமதி கொடுத்துவிடுவாள்.

இதையெல்லாம் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளுக்கென்று மொத்தமாகக் கொடுத்த சாவி ஒன்று, அதற்கான தகட்டோடு எப்படியோ வெளியே கசிந்து, ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. போனும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். செகந்திராபாத் கம்ப்யூட்டர் கடைப் பையன்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைச் சொல்வார்கள். எனக்கும் மனப்பாடம். ஒரே ஒருமுறை அக்காவிடம் அந்தப் பேச்சை எடுத்தேன். எல்லாருக்கும் பொதுவாக ஒரு சாவி என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. எச்சில் டம்ளரை நீட்டியதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு விட்டுவிட்டேன்.

நான் ஊருக்குப் போயிருந்தபோது எனக்குப் பதிலாக ஏஜென்சியிலிருந்து ஒருவன் வந்தான். என்னுடைய கம்ப்யூட்டரில் எல்லாச் சாவிகளையும் ஒரு பட்டியலாகப் போட்டு வைத்திருந்தேன். அவன் அதைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்து, இரண்டு மிஷினுக்கு ஒரே சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டில் ஒன்று அடம்பிடித்து நின்றது. நான் திரும்பி வந்ததும் அக்கா பக்கத்தில் நின்று அந்தப் பட்டியலை அழிக்க வைத்தார். அச்செடுத்து வைத்திருந்ததையும் வாங்கிக் கிழித்தார்.

“எழுதி வெச்சா இப்படித்தான், ஒண்ணோடதை எடுத்து இன்னொண்ணுக்குப் போடுவீங்க. அது மேல ஒட்டியிருக்கில்ல, அதைப் பாத்துப் போடு.”

ஒரு நகலாவது இருக்கட்டும் அக்கா என்று சொன்னேன். நக்கோ என்றார். அதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

அந்த வருஷ தசராவுக்கு முன்னால் டாக்டர் பழைய குண்டு மானிட்டர்களையெல்லாம் போட்டுவிட்டுத் தட்டையாகப் புதிது வாங்கினார். ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பது அக்காவின் வழக்கம். டாக்டர் பதறிவிட்டார். “மேடம், ப்ளீஸ், ஸ்க்ரீனுக்கு மட்டும் வத்து” என்று, வேண்டாமென்பதைத் தெலுங்கில் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். சரி என்று அக்கா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து சி.பி.யூ. பெட்டிகளுக்கு வைத்தார். பெயின்ட் அடித்த தகரத்தில் சந்தனம் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஸ்டிக்கர் காகிதத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதனால் ஸ்டிக்கரின் மேலேயே ஒவ்வொன்றுக்கும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். நான் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். லீவு முடிந்து வந்த அன்று அக்கா ஈரத் துணியோடு உட்கார்ந்து, காய்ந்துபோன சந்தனத்தை ஒரு கறை இல்லாமல் தேய்த்துத் துடைத்தார். ஸ்டிக்கர்கள் முன்னைவிட வெள்ளையாக இருந்தன. அன்றைக்கு யாருக்கும் அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை.

சில வாரங்கள் போயின. ஒரு பையன் பாட்டுக் கேட்க பென் டிரைவ் கொண்டுவந்து செருகினான். அதில் வைரஸ். ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்கு என்று பரவி, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் தானாக அணைந்து அணைந்து எரிந்தன. பிறகு எரியவும் இல்லை. டாக்டர் அமெரிக்காவுக்குப் போன் போட்டுப் பேசினார். திங்கட்கிழமை காலையில் வேலை வந்து சேராவிட்டால் வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிடுவதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வாடிக்கைதான். அது போனால் ஆபீஸ் இல்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு ஆபீஸ் அப்படி மூடியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் எங்களிடம் வந்து இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் முதல் மிஷினைத் துடைத்து ஏற்றினேன். கட்டம் வந்தது. அக்கா டார்ச்சோடு குனிந்தார். குனிந்தவர் படிக்கவில்லை.

“என்னக்கா?”

“இரு” என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பிறகு நானும் குனிந்தேன். ஸ்டிக்கரில் பளபளவென்று ஒரு கோடு இருந்தது. கம்பெனி முத்திரை மங்கலாக இருந்தது. சாவி இருந்த இடம் வெறும் வெள்ளை. சந்தனத்தோடு எழுத்தும் உரிந்து துணியோடு போயிருக்கிறது. அந்த அச்சு அவ்வளவு லேசானது என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா ஒவ்வொரு மேஜைக்கும் முழங்காலில் நகர்ந்து போனார். சிலவற்றில் பாதி எழுத்து இருந்தது, சிலவற்றில் அதுவும் இல்லை. ஒன்றில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்க, துடைத்துப் பார்க்கலாம் என்று புடவைத் தலைப்பை எடுத்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கடைசி மேஜைக்கு அடியிலிருந்து அவர் எழுந்து வர வெகுநேரம் ஆயிற்று. நேராக டாக்டர் அறைக்குப் போய், “நான்தான் சார். பூஜைக்குப் பொட்டு வெச்சு நான்தான் தொடச்சேன். லிஸ்டையும் நான்தான் கிழிச்சேன்” என்றார்.

டாக்டர் திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. “போனீலெண்டி மேடம்”, போகட்டும் விடுங்கள் என்று மட்டும் தெலுங்கில் சொன்னார். புது லைசென்சுக்கு டீலரைக் கேட்டோம். ஒரு வாரமாவது ஆகும் என்றார். கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் அதைவிட நாளாகும். டாக்டர் என்னைப் பார்த்தார். அந்த ஊர்ப் பொதுச் சாவி எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். “இப்போதைக்கு அதைப் போட்டு ஓட்டு. அப்புறம் எல்லாம் வாங்கிடலாம்” என்றார். நான் அக்காவைப் பார்த்தேன். கையெழுத்துப் போடுகிறவர் அவர். அவர் நக்கோ என்றால் நான் தொட்டிருக்க மாட்டேன். என்னுடைய நேர்மையால் அல்ல. அவரோடு மல்லுக்கட்ட என்னிடம் சக்தி இல்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போனபோது மாடிப்படியில் டைப்பிஸ்ட் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்திருந்தார்கள். “ஹோகயா சார்?”, முடிந்ததா என்றார்கள். இல்லை என்றேன். சற்று நேரத்தில் அக்கா வந்தார். அவரையும் கேட்டார்கள். அப்பா இறந்துபோன அந்தப் பெண்ணும் அதில் இருந்தாள். அவள் மட்டும் கேட்கவில்லை, வழிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அக்கா அவர்கள் நடுவில் ஏறி உள்ளே வந்து, கையைக் கழுவிவிட்டு, ஸ்டூலை எடுத்து என் பின்னால் போட்டுக்கொண்டார்.

“போடு தம்பி.”

“எதைக்கா?”

“அந்த ஒண்ணையே போடு. எல்லாத்துக்கும்.”

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வேலை போய்ச் சேர்ந்தது. வாடிக்கை தங்கியது, ஆபீசும் பிழைத்தது. அமெரிக்காக்காரர்கள் எங்கள் மிஷின்களை வந்து பார்க்கவே இல்லை. அக்கா மட்டும் தினமும் காலையில் டாக்டர் அறை வாசலில் போய் ஒரு நிமிஷம் நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். அவர் நின்றதைப் பார்த்துப் பார்த்தே டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் புது லைசென்ஸ்களை வாங்கி முடித்தார். அதுவரை வருஷக் கையெழுத்தை அக்கா போடாமல் இழுத்தடித்தார். எல்லா மிஷினையும் நான் மறுபடி துடைத்து ஏற்றினேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின என்று நினைவில்லை. சில வருஷம் கழித்து, பேசினால் தானே டைப் அடிக்கிற சாஃப்ட்வேர் வந்து எங்களை மாதிரி ஆபீஸ்களையெல்லாம் மூடியது. நான் வேறு கம்பெனிக்குப் போனேன். அக்கா அல்வால் வீட்டை விட்டுப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். எங்கே என்று தெரியவில்லை. தேடிப் போயிருக்கலாம், இந்த ஊர் டிராஃபிக்கில் யாரைத் தேடி எங்கே போவது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஒவ்வொரு மிஷினாக அந்தப் பொதுச் சாவியின் தகட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. அக்கா பட்டாணி கொண்டுவரவில்லை. டார்ச்சும் எடுக்கவில்லை. கட்டம் வரும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நாலைந்து மிஷின் ஆகியிருக்கும். பட்டை ஊர்ந்துகொண்டிருந்தபோது தானாகப் பேச ஆரம்பித்தார். வேறு யாருக்கோ சொல்கிற மாதிரிதான் இருந்தது.

“எனக்கு ஒரு அக்கா இருந்தா தம்பி. இந்த ஊர்லயே உப்பல்ல கட்டிக் குடுத்திருந்தோம். அத்தானுக்கு அங்க ஃபாக்டரியில வேலை. கொழந்தை பொறந்து, பேர் வெக்கறதுக்குள்ள போய்ட்டா. எங்க வீட்ல எல்லாரும் வந்து உக்காந்துகிட்டாங்க. கொழந்தைக்கு ஒரு அம்மா வேணும், நீயே அந்த வீட்டுக்குப் போயிடுன்னு. அத்தானும் தங்கமான மனுஷன். எனக்கும் அவர் மேல ஒண்ணும் வெறுப்பு இல்ல.”

“நீங்க என்ன சொன்னீங்கக்கா?”

“என்ன சொல்லுவேன்? அது அவ இடம்னு சொன்னேன். அவ புடவை, அவ பாத்திரம், அவ புருஷன், அவ புள்ள. நான் போய் அதுல எப்படி உக்காருவேன்? அவ எடம் அப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன். சின்ன வயசு.”

திரையில் கட்டம் வந்தது. நான் அடிக்காமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அது அப்படியே இருக்கல தம்பி. வருஷம் திரும்பறதுக்குள்ள வாலாஜாவுல இருந்து ஒருத்தியைக் கொண்டாந்து வெச்சாங்க. நல்லவ. கொழந்தையை நல்லாத்தான் வளத்தா. இப்ப அது கச்சிபௌலியில பெரிய கம்பெனில வேலை பண்ணுது. பொங்கலுக்கு வந்து என்னைப் பாத்துட்டுப் போவும். அவளை அம்மான்னு கூப்புடுது. என்னை ஆன்ட்டின்னு.”

வெளியே படிக்கட்டில் பெண்கள் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கட்டத்தைப் பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக நேராகப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“நான் போயிருந்தா என்னைக் கூப்பிட்டிருக்கும். அம்மா இல்லதான் நான். ஆனா கூப்பிட்டிருக்கும். அடி தம்பி, வெளிய புள்ளைங்க உக்காந்திருக்கு.”